மூன்றாம் ஓலை

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடையே கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் செய்ய ஏற்பாடாகியிருக்கிறது, இதற்குத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும் என்று ஐயர் அறிவிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்லுவோம். பெயர்தான் ஓலை, வாசிப்பது நீல அட்டை போட்ட பதிவேட்டைப் பார்த்து. அந்த மூன்று ஞாயிறும் கல்யாணப் பெண் கோயிலுக்குப் போகக் கூடாது. தன் ஓலையைத் தன் காதால் கேட்டால் ஆகாது என்பார்கள். ஏன் ஆகாது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பைபிளில் அப்படி ஒன்றும் இல்லை, ஞானோபதேசத்திலும் இல்லை. இருந்தாலும் பெண்ணை வீட்டுக்குள் வைத்துப் பூட்டாத குறைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதக் கடைசியில் எனக்கு முதல் ஓலை வாசித்தார்கள். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அதற்கு முன்பு இரண்டு சம்பந்தம் கூடி வந்து கலைந்திருந்தது. இரண்டாவது கலைந்தபோது சேலை எடுக்க நாள்கூடப் பார்த்தாகிவிட்டது. அதனால் சாத்தான்குளத்து மாப்பிள்ளை வீட்டார் பூ வைத்துப் போன பிறகும் நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஸ்டாஃப் ரூமில் கேட்டவர்களிடம் "பேசிக்கிட்டு இருக்காவ" என்று மட்டும் சொல்லி வைத்தேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, கொடுத்த காபியில் சீனி போட மறந்துவிட்டேன். அவர் முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்துவிட்டு, போகும்போது வாசலில் வைத்து என்னிடம் மட்டும் அதைச் சொன்னார். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்தக் கல்யாணம் நடந்துவிட வேண்டும் என்று தினமும் ஜெபித்தேன்.

முதல் ஞாயிறு நான் வீட்டில் உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தேன். கோயில் மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். இப்போது பாட்டு, இப்போது பாவ அறிக்கை, இப்போது பிரசங்கம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். பத்தே காலுக்கு அறிவிப்பு முடிந்திருக்கும். பத்தரைக்கு அப்பா தனியாக வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா கால் மணி நேரம் கழித்து வந்தாள். சேர்ந்து போனவர்கள் தனித்தனியாகத் திரும்பினால் என்ன அர்த்தம்? 

"ஓலை வாசிச்சாவளாம்மா?"

"வாசிச்சாவ. ஒங்கப்பாவும் சேந்து ஒண்ணு வாசிச்சாவ, அதயும் கேளு" என்றாள் அம்மா. பைபிளை மேசைமேல் பொத்தென்று போட்டாள். அவள் பைபிளைப் போட்டு நான் பார்த்ததே இல்லை.

என்ன வாசித்தார் என்று சொல்வதற்கு முன் எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டண்டுகள் என்றால் பெரும்பாலும் பெரிய சபைக்காரர்கள்தான். நாங்கள் லுத்தரன். அறுபது குடும்பம் இருந்தால் அதிகம். "அதென்ன லுத்தரன், நீங்களும் கிறிஸ்தவங்கதானே?" என்று கேட்காத ஆளே கிடையாது. எங்களுக்கு அதில் கொஞ்சம் வீம்பும் உண்டு. எங்கள் திருச்சபையின் தலைமை அலுவலகம் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருந்தது. அங்கே எங்களை நினைவு வைத்துக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்கவில்லை. இரண்டு வருடம் ஐயரே இல்லாமல் ஆராதனை நடத்தினோம். பிறகு ஒரு சின்ன வயது ஐயரை அனுப்பினார்கள். அவர் பெட்டியை இறக்கி ஆறு மாதம் ஆவதற்குள், எங்கள் சபையை இன்னொரு ஊரோடு சேர்த்திருப்பதாகவும், இனி ஐயர் அங்கேதான் குடியிருப்பார், மாதத்தில் இரண்டு ஞாயிறு இங்கே வருவார் என்றும் கடிதம் வந்தது. மாறுதல் ஈஸ்டருக்குப் பிறகு என்று எழுதியிருந்தது. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்பா பத்தொன்பது வருடமாகச் சபைச் செயலர். வேலை கோர்ட்டில், தலைமை எழுத்தர். தப்பாக எழுதின ஒரு வரியைத் திருத்தாமல் தாண்டிப்போக அவரால் முடியாது. காலைப் பேப்பரைச் சிவப்பு மைப் பேனா வைத்துக்கொண்டுதான் வாசிப்பார். என் கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சை நான்கு தடவை அச்சகத்துக்குத் திருப்பி அனுப்பினார். சபைக் கூட்டத்தில் போன கூட்டத்து நடவடிக்கையை வாசிக்கும்போது எழுந்து "திருத்தம் உண்டு" என்று அவர் சொல்லாத வருடமே இல்லை. தலைமைக்கு அவர் பதினோரு கடிதம் எழுதினார், எல்லாம் பதிவுத் தபால். போய்ச் சேர்ந்ததற்கான அட்டைகள் மட்டும் ஒழுங்காகத் திரும்பி வந்தன, பதில் ஒன்றும் வரவில்லை. பதில் வராத கடிதம் அப்பாவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அவர் சாப்பாட்டில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

அதனால் அந்த முதல் ஞாயிறு, என் ஓலையை ஐயர் வாசித்து முடித்ததும் அப்பா எழுந்து விலகல் மனுவை வாசித்திருக்கிறார். இந்தச் சபை இனிமேல் தலைமையோடு இருக்காது, சுயாதீன சபையாக நடக்கும் என்று. கீழே அப்பாவும் இருபத்துநாலு குடும்பத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதோடு, தான் திருச்சபையின் அங்கத்தினர் பதவியிலிருந்து அன்றே விலகுவதாகத் தனியாக ஒரு கடிதத்தை ஐயர் கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மகளுக்கு ஓலை வாசிச்ச வாய் மூடல. அதுக்குள்ள எந்திரிக்காவ. ஒரு மூணு வாரம் பொறுக்க முடியாதா?" என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள்.

"ஓலை வேற, இது வேற" என்றார் அப்பா.

அது அவருக்கு வேறு. எனக்கு வேறாக இருக்கவில்லை. கல்யாணம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில் நடப்பதாக ஏற்பாடு. மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசிக்கப்பட்டது என்று எங்கள் ஐயரின் கையெழுத்தும் சபை முத்திரையும் உள்ள சீட்டு இல்லாமல் அந்த ஊர் ஐயர் தாலியைத் தொட மாட்டார். மூன்றாம் ஓலை முடிந்த வியாழக்கிழமை கல்யாணம். அதற்கு அடுத்த புதன்கிழமை சாம்பல் புதன், ஈஸ்டர் வரைக்குமான லெந்து நோன்புக் காலம் தொடங்கிவிடும். லெந்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒரு ஓலை தவறினால் ஈஸ்டர் தாண்டி என்றாகிவிடும். அதுவரை மாப்பிள்ளையின் அப்பா காத்திருப்பாரா? இரண்டு தடவை கலைந்த பெண் என்று அவர் காதுக்குப் போகாமலா இருக்கும்? நான் உரித்த உள்ளியையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தேன்.

இதில் மாமா வேறு. மாமா என்றால் அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். ஆழ்வார்குறிச்சியில் வாத்தியார். சனிக்கிழமை தவறாமல் பாளையங்கோட்டைக்கு வந்து ஞாயிறு ஆராதனைக்கு இருப்பார். சபை நிர்வாகத்தில் மூப்பர். திருச்சபையை விட்டு ஓரடி நகரக் கூடாது என்று நின்றவர்களுக்கு அவர்தான் தலை. அன்று சாயங்காலம் அவர் வாசலில் நின்றபடி அப்பாவிடம் பேசினார். செருப்பைக் கழற்றவில்லை.

"அத்தான், அம்மையோட சண்ட போட்டா வீட்ட விட்டா போவாவ? நாளைக்கு நம்ம பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் யாரு குடுப்பா? நம்ம லுத்தரன்னு எந்த வாயால சொல்லுவோம்?"

"அம்மைன்னா பதினோரு காயிதத்துக்கு ஒரு பதில் போட்டுருப்பால்லா, மாப்ள?"

"பதில் வராதது தப்புதான். யாரு இல்லன்னா? அதுக்குப் பிள்ள கல்யாண நேரத்துலயா?"

"கல்யாணத்த இழுக்காத. அதுக்கு நான் இருக்கேன்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அம்மா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு எடுத்து வைத்ததை என்னிடம் சொல்லுவாள், நான் அப்பாவிடம் சொல்லுவேன். கல்யாணத்துக்கு முறுக்கு சுட வந்த பெண்கள்கூட இரண்டு பக்கமாகப் பிரிந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிரிப்பாகத்தான் இருந்தது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாம் ஞாயிறு கூத்து அதைவிடப் பெரியது. ஐயர் எட்டு மணிக்குக் கோயிலில் ஆராதனை நடத்தி என் இரண்டாம் ஓலையை வாசித்தார். விலகுகிறவர்கள் பத்து மணிக்கு அதே காம்பவுண்டில் இருந்த பள்ளிக்கூடக் கொட்டகையில் தனியாகக் கூடினார்கள். அவர்களுக்கு ஐயர் கிடையாது, அதனால் அப்பாவே ஒழுங்குமுறைப் புத்தகத்தைப் பார்த்து ஆராதனை நடத்தினார். நடத்தினவர் அங்கேயும் என் இரண்டாம் ஓலையை வாசித்துவிட்டார். தன் மகள் ஓலையைத் தானே வாசித்த தகப்பன் இந்தச் சீமையிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். யாருக்காவது தடை உண்டா என்று தன் சிநேகிதர்களைக் கேட்டுவிட்டு, ஒருவரும் எழும்பாததால் திருப்தியாக வீட்டுக்கு வந்தார்.

"ரெண்டு எடத்துலயும் வாசிச்சாச்சு. இனி என்ன கொறை?" என்றார்.

குறை செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் குடை. கையில் ஒரு பனையோலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டியும் கொண்டு வந்திருந்தார். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சம்பந்தி, ஒங்க ஊர்ல ஓலை ரெண்டு கூட்டத்துல வாசிக்காவன்னு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரே ஒரு விவரம் தெரியணும். நீங்க எந்தச் சபை?"

அப்பா விளக்க ஆரம்பித்தார். பதினோரு கடிதம், அட்டை, மனு. அவர் குறுக்கிடாமல் பொறுமையாகக் கேட்டார்.

"ஒங்க நியாயத்த நான் ஒண்ணும் சொல்லல. ஆனா எங்க ஐயர் கேக்கது முத்திரை வச்ச சீட்டு. நீங்க கொட்டகையில எழுதிக் குடுக்கத அவிய ஒத்துக்கிட மாட்டாவ. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள சீட்டு வந்துட்டா வியாழக்கிழமை கல்யாணம். வரலன்னா..." என்று நிறுத்தினார். "எனக்கும் பொண்டாட்டி, சொந்தக்காரங்க எல்லாம் இருக்காவ, பாத்துக்கிடுங்க."

வரலன்னா என்ன என்று அவர் சொல்லாமல் விட்டதுதான் என்னைக் கொன்றது. அன்று மாலை பக்கத்து வீட்டுக்கு மாப்பிள்ளை போன் செய்தார். எஸ்டிடி பூத்திலிருந்து. "எங்க அப்பா பிடிவாதம் ஒங்களுக்குத் தெரியாது. சீட்டு மட்டும் வாங்கிருங்க" என்றார். எங்கள் அப்பா பிடிவாதம் அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

ஒரு விஷயத்தில் அப்பாவைப் பாராட்ட வேண்டும். மறுநாளே இறங்கி வந்தார். புதன்கிழமை வேலை முடிந்து நேராக ஐயர் வீட்டுக்குப் போய், மூன்றாம் ஓலையைக் கோயிலில் மட்டும் வாசித்தால் போதும், சீட்டைத் திங்கட்கிழமை காலையில் தந்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஐயரும், விலகல் கடிதத்தைப் பற்றிப் பேச்செடுக்காமல், சரி என்றார். அவர் நல்ல மனிதர், பாவம். தலைமைக்கும் எங்களுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினார். அந்த மூன்றாம் ஞாயிறுதான், ஆராதனைக்குப் பிறகு, விலகுவதா இருப்பதா என்று சபைப் பொதுக்கூட்டத்தில் ஓட்டெடுப்பு. அதனால் இரண்டு பக்கத்தாரும் கோயிலுக்கு வருவார்கள். திடப்படுத்தல் பெற்று, அதாவது வயது வந்து சபை முன்னால் விசுவாசத்தை அறிக்கை செய்து, நற்கருணைக்குச் சேர்ந்த எல்லாருக்கும் ஓட்டு உண்டு, எனக்கும் உண்டு.

சனிக்கிழமை மாமா வந்தார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"ஏ பிள்ள, நாளைக்கு வந்து ஓட்டுப் போடு. ஒண்ணு ரெண்டு ஓட்டுலதான் இருக்கு."

"ஓலை நாள்ல எப்படி மாமா வருவேன்?"

"ஓலை முடிஞ்சப்பறம் பைய வா. கூட்டம் பதினோரு மணிக்குத்தான்."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஓட்டைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. சபை நின்றால் என்ன, போனால் என்ன என்றுதான் இருந்தது. சிறுவயதிலிருந்து நான் பாடிய கோயில், அதைப் பற்றி அப்படி நினைத்தேன். என் கவலை எல்லாம் ஒரு சீட்டு.

மூன்றாம் ஞாயிறு அம்மாவும் அப்பாவும் போன பிறகு என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. முதல் வாரம் அம்மா சொன்னது ஒன்று, அப்பா சொன்னது ஒன்று. இரண்டாம் வாரம் இரண்டு ஓலை. இன்றைக்கு வந்து யார் என்ன சொல்லுவார்களோ? அந்தக் காத்திருப்பைவிட ஆகாதது எதுவும் வந்துவிடப்போவதில்லை என்று தோன்றியது. சேலைத் தலைப்பை முக்காடாக இழுத்துவிட்டுக்கொண்டு பிரசங்கம் நடக்கும்போது பின்வாசல் வழியாகப் போனேன். பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசை, தூண் மறைவு. யாரும் பார்க்கவில்லை. கோயில் நிறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள்.

ஐயர் அறிவிப்புகளுக்கு வந்தார். முதலில் பொதுக்கூட்டம். பிறகு நீல அட்டைப் பதிவேட்டைத் திறந்தார். நான் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"நமது திருச்சபையின் அங்கத்தினராகிய..." என்று ஆரம்பித்து அப்பாவின் பெயரைச் சொன்னார், என் பெயரைச் சொன்னார், மாப்பிள்ளையின் பெயரைச் சொன்னார். இது மூன்றாம் ஓலை என்றார். இந்த விவாகத்துக்குத் தடை உண்டென்று உங்களில் யாராவது அறிந்திருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும் என்றார்.

ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் அப்பா எழுந்தார்.

அவர் எழுந்த விதத்தை வைத்தே எனக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்து, வலது கையைக் கொஞ்சம் உயர்த்தி. கூட்டங்களில் அவர் எழும்பும் விதம் அது.

"திருத்தம் உண்டு" என்றார். "திருச்சபையின் அங்கத்தினர்னு வாசிச்சீங்க. நான் அங்கத்தினர் இல்ல. பதினாலு நாளைக்கு முன்னால ஒங்க கையில எழுதிக் குடுத்துருக்கேன். திருத்தி வாசிக்கணும்."

 ஐயர் பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார்.

"ஐயா, உக்காருங்க. தடை கேட்ட எடத்துல நீங்க பேசுதீங்க. யோசிச்சுப் பேசுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? பதிவேட்டுல தப்பு இருக்கலாமா? திருத்தி வாசிங்க, அவ்வளவுதான்."

"திருத்தினா, அங்கத்தினர் இல்லாத வீட்டு ஓலையை நான் வாசிச்சதா ஆகும். வாசிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. நீங்க நிக்கது இந்த ஓலைக்குத் தடை சொன்ன மாதிரி."

அப்பா அதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் ஐயர், நடுங்கும் குரலில், ஆனால் ஒழுங்காக, "தடை தெரிவிக்கப்பட்டதால் இந்த ஓலை நிறுத்தப்படுகிறது" என்று சொல்லிப் பதிவேட்டை மூடினார்.

அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. ஒரு வரியைத் திருத்த எழுந்தவர் மகள் கல்யாணத்தை நிறுத்திவிட்டு நின்றார். அம்மா "ஐயோ" என்று ஒரே ஒரு சத்தம் போட்டாள். மாமா பாய்ந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "அத்தான், உக்காருங்க, உக்காருங்க அத்தான்" என்று கெஞ்சினார். இரண்டு பக்கமும் அவரவர் எழும்பிக் கத்த ஆரம்பித்தார்கள். நான் தூண் மறைவிலிருந்து நடுவழிக்கு வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்று தெரியாது. முக்காடு விழுந்துவிட்டது.

"அப்பா!" என்றேன்.

கோயிலின் நடுவழியில் நின்று ஒரு பெண் குரல் கொடுத்தது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். எல்லாரும் திரும்பினார்கள். ஓலை நாளில் கல்யாணப் பெண் கோயிலுக்குள் நிற்பதைப் பார்த்துச் சில கிழவிகள் வாயைப் பொத்தினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை என்னால் எழுத முடியாது. ஊரெல்லாம் திருத்துகிற மனிதருக்கு இந்த ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லையே என்று, பெற்ற தகப்பனை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன்.

ஐயர் பீடத்தைவிட்டு இறங்கி வந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசினார். வழி ஒன்றுதான் இருந்தது. விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறுவதாக அப்பா எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சபை முன்னால் சொன்ன தடைக்குப் பதிலாக அதைச் சபை முன்னால் வாசிக்க வேண்டும். பிறகு மூன்றாம் ஓலையை மறுபடி வாசிக்கலாம். அடுத்த அரை மணியில் ஓட்டெடுப்பு. விலகலாம் என்று இருபத்துநாலு குடும்பங்களை எழுப்பிக் கூட்டி வந்தவர் அவர்கள் கண் முன்னாலேயே நான் விலகவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பா என்னை இன்னொரு தடவை பார்த்தார். முன் வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஐயர் கொடுத்த தாளில் எழுதினார். எழுதும்போது ஒரு சொல்லைத் தப்பாக எழுதி, அதை நேர்கோட்டால் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். அந்த நிலையிலும் அதை விடவில்லை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், முப்பது வருடச் சிநேகிதர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"மவ கல்யாணத்துக்கு எங்களக் கைகழுவிட்டீரே வே."

அப்பா திரும்பவில்லை. தாளை ஐயரிடம் நீட்டினார்.

ஐயர் அதை வாசித்தார். மூன்றாம் ஓலையையும் வாசித்தார், "நமது திருச்சபையின் அங்கத்தினராகிய" என்று தொடங்கி முழுதாக. தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினபோது நான் நடுவழியிலேயே நின்றுகொண்டிருந்தேன். தன் ஓலையைத் தன் காதால் இரண்டு தடவை கேட்ட பெண் நான்தான். ஒருவரும் பேசவில்லை. ஐயர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்.

நான் சொல்ல வெட்கப்படுகிற ஒன்று உண்டு. அந்த நிமிடத்தில் எனக்கு அப்பாவைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லை. சீட்டு கிடைத்துவிடும் என்ற ஒரே நினைப்புதான். உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். சந்தோஷ அழுகை. முன் வரிசையில் அப்பா தனியாக உட்கார்ந்திருந்தார், அவர் அருகில் இருந்தவர்கள் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போயிருந்தார்கள். அதைப் பார்த்தேன். பார்த்தும் அவரிடம் போகவில்லை.

ஓட்டெடுப்பில் இருப்பது என்றே முடிவானது. ஓட்டுச் சீட்டில் நானும் "இருக்க வேண்டும்" என்றுதான் எழுதினேன், திங்கட்கிழமை வரை ஐயரின் மனம் கோணக் கூடாது என்ற பயத்தில். அப்பா என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. முடிவு சொன்னதும் பத்தொன்பது குடும்பங்கள் அப்படியே எழுந்து வெளியே போய்விட்டன. அடுத்த ஞாயிறு முதல் ஒருவர் வீட்டு மாடியில் கூடினார்கள். என் கல்யாணத்துக்கு அவர்களில் ஒருவர்கூட வரவில்லை. வியாழக்கிழமை காலையில் சாத்தான்குளத்துக்குப் போன வேனில் பாதி இருக்கை காலியாக இருந்தது.

நான் மறுவீட்டுக்கு வந்தபோதே அப்பா செயலர் பதவியை விட்டிருந்தார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்தியிருந்தார். போனால் மாமா பக்கத்தார் ஜெயித்தவர்கள் போலக் கும்பிடுகிறார்கள் என்று அம்மா சொன்னாள். மாடிக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை, கூப்பிட்டிருந்தாலும் போயிருக்க மாட்டார். விலகவில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே! மாமா மட்டும் சனிக்கிழமை தோறும் வந்து, அப்பா பேசினாலும் பேசாவிட்டாலும், ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

அந்த வருடம் ஆகஸ்டில் நான் உண்டாகி அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஞாயிறு காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பைபிளை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"எங்கம்மா போறாவ?"

"டவுண் பஸ் ஏறி எங்கயோ போறாவ. கேட்டா சொல்ல மாட்டேங்காவ" என்றாள் அம்மா.

நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகக் கூடப் போனேன்.  அப்பா ஆற்றுப் பாலம் தாண்டி இறங்கி, பெரிய சபைக்காரர்களின் ஒரு கோயிலுக்குள் போனார். அங்கே யாருக்கும் அவரைத் தெரியாது. செயலர் என்றோ மூப்பர் என்றோ ஒருவரும் எழுந்து இடம் விடவில்லை. அவர் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பாட்டு எண் தெரியாமல் பக்கத்தில் இருந்த பையனிடம் கேட்டார். பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தபோதுதான், அன்று அவர் பெஞ்சுக்கு நான் போகாதது எனக்கு முதல் தடவையாக உறைத்தது. ஆறு மாதம் கழித்து.

பிரசங்கம் முடிந்து அந்தக் கோயில் ஐயர் அறிவிப்புகளை வாசித்தார். மாதர் கூட்டம், கன்வென்ஷன், பிறகு ஓலை. யாரோ ஒரு பையன், யாரோ ஒரு பெண். ஊர்ப் பெயரைச் சொல்லி வாசிக்க ஆரம்பித்ததும் அப்பா பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனார்.

நான் பின்னாலேயே போனேன். காம்பவுண்டுச் சுவரோரம் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார். உள்ளே வாசிப்பது ஒலிபெருக்கியில் கேட்காத தூரமாகப் பார்த்து நின்றிருக்கிறார்.

"என்னப்பா, உடம்புக்கு ஆவலையா?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் எந்திரிச்சு வந்திய?"

 மஞ்சள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"அவரு வாசிக்கதுல ஏதாவது தப்பு வந்துருமோன்னு பயமா இருக்கு, பிள்ள" என்றார். "வந்தா என்னால சும்மா இருக்க முடியாது. எந்திரிச்சுருவேன். யாரு பெத்த பிள்ளையோ."